இலவந்தடியில் சிவப்பு

முதலில் பார்த்தபோது, யாரோ தடிகளின் வாயில் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கரிசல் மண்ணில் கால் வைத்தால் மண்ணும் கூடவே எழுந்து வந்தது. தீப்பெட்டி ஆபீஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த இலவந்தடிகளின் வெட்டுவாய்களிலும், பட்டை உரிந்த இடங்களிலும், ஒரே சிவப்பு. குங்குமமும் இல்லை, செங்காவியும் இல்லை. பழுத்த மிளகாயைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் தோல் வழியாக ஒரு வெளிச்சம் வருமே, அந்தச் சிவப்பு. அரை வட்டம் அரை வட்டமாக, எறும்புகள் வீடு கட்டிச் சுவரில் பலகை அடித்துக்கொண்டதைப் போல, மரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. மழை கழுவிய வெளிச்சத்தில் அடுக்கு முழுவதும் மெல்ல எரிவதுபோலவும், எரிந்தும் சூடு வராததுபோலவும் தோன்றியது. நான் நின்றுவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. விருதுநகரில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, தாவரவியல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான். சனிக்கிழமை அரைநாள் வகுப்பு முடிந்ததும் சிவகாசிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் வாசலில் இறங்குவேன். அப்பாவோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பேசியபடி எங்கள் ஊர் ஆமத்தூருக்கு நடந்து வருவேன். பேச்சு என்றால் அதிகம் இராது. அவர் ஒரு வார்த்தை, நான் இரண்டு வார்த்தை. நடுவில் ஒரு மைல்.

ஆபீஸ் என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடம் ஆபீஸ். பட்டாசு செய்யும் இடமும் ஆபீஸ். அங்கே நாற்காலி இருக்க வேண்டுமென்பதில்லை. கல்லூரியில் சேர்ந்தபோது, 'தகப்பனார் என்ன செய்கிறார்?' என்று கேட்டார்கள். 'ஆபீஸில் வேலை' என்றேன். எழுதிக்கொண்டவர் என் சட்டையை ஒருமுறை பார்த்தார், பேனாவைத் தட்டினார், எழுதிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் வகுப்புப் பையன்கள் அப்பாவை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தே நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. சொல்தான் ஊர் மாறியதும் வேறு ஆளாகிவிட்டது.

அப்பாவின் வேலை கேட்டில். மலையாளத்துப் பக்கமிருந்து தடி ஏற்றிய லாரி வந்து நிற்கும். டிரைவர் இஞ்சினை அணைக்க வேண்டும். அது அப்பாவின் கட்டளை. அப்பா கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் ஒவ்வொரு தடியையும் தட்டுவார். தலையை இடது பக்கம் சாய்த்துக் கேட்பார். நல்ல தடிக்கு ஒரு சத்தம், உள்ளே அழுகிப்போன தடிக்கு ஒரு சத்தம். நல்லதை இறக்கச் சொல்லிக் கையை ஆட்டுவார். மற்றது லாரியிலேயே திரும்பிப் போகும். அந்த நேரத்தில் இறக்குகிறவர்கள் இரும மாட்டார்கள். மேஸ்திரிகூடப் பீடியை இழுக்காமல் விரலிடுக்கில் வைத்திருப்பார். எழுத்துத் தெரியாத ஒருவரின் காதுக்காக ஓர் ஆபீஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்பாவிடம் இருந்ததெல்லாம் அந்த நிமிஷம்தான்.

அந்தச் சனிக்கிழமை நான் சிவப்பைத் தொடக் கையை நீட்டினேன்.

"தம்பி, தொடாதீக! மருந்து!"

கத்தியவர் மூத்த வாள்காரர். அவரும் அவருடைய கூட்டாளியும் தடி அறுக்கும் பெரிய வாளைத் தரையில் போட்டுவிட்டுப் பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்து என்றால் எங்கள் ஊரில் டாக்டர் கொடுப்பது இல்லை. அது இரண்டாவது அர்த்தம். குச்சித் தலையில் முக்குவது, வெடிக்குள் அடைப்பது, கை தவறினால் ஆளைத் தூக்கிப் போடுவது, அதுதான் மருந்து.

மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றார். அப்பாவைவிட வயதில் இளையவர். மரம் சீவும் பகுதிக்கு அவர்தான் தலைமை. "காலையிலருந்து வாளை வைக்க மாட்டேங்கான். கேட்டா மருந்துங்கான்," என்றார்.

"மளையில மருந்து ரூம்புலருந்து கரைஞ்சு வந்திருக்கு மேஸ்திரி."

"கரைஞ்சு வந்தா தரையிலல்லா கெடக்கணும்? தடி மேல எப்பிடிவே ஏறும்?"

"ஆவியா ஏறி ஒட்டியிருக்கும். செவப்பு மருந்துல இரும்பு ஒரசுனா என்ன ஆகும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்? எனக்கு மூணு பிள்ளைக இருக்கு."

"அப்ப குச்சியை எதுல சீவ? ஒன் முதுகுலயா?"

யாரும் சிரிக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். உரசினால் தீப்பிடிக்கும் என்பதையே தொழிலாக வைத்துப் பிழைக்கிற ஊரில், சிவப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் மனசு முதலில் போகிற இடம் அதுதான்.

அப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், "எம் மகன் செடி கொடிப் படிப்புத்தான் படிக்கான். அவன் பாத்துச் சொல்லட்டும்," என்றார்.

நான் படிக்கிறேன் என்பதை அவர் நாலு பேர் முன்னால் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. என் காது சுட்டது. கிட்டப் போய் ஒரு துண்டைப் பிய்த்தேன். எளிதில் வரவில்லை; ஊறிய தோல்போல வளைந்து, பிறகு கிழிந்தது. உள்ளேயும் அதே நிறம். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க ஊசியால் குத்தியதுபோல நுண்ணிய துளைகள். பையிலிருந்த கைலென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தேன். ஒவ்வொரு துளையும் ஒரு கிணறு. சிவப்புக் கிணறுகள், கரையோடு கரை ஒட்டி, எண்ணி முடியாதவை. ஊர் ஊராக யாரும் இறைக்காத கிணறுகள்.

"இது மருந்து இல்ல. காளான்," என்றேன்.

"காளான்னா கொடை எங்க? காம்பு எங்க?" என்றார் வாள்காரர்.

"மரக்காளானுக்குக் கொடை இருக்காது. பலகை மாதிரித்தான் நீட்டிட்டு நிக்கும்."

"கொளம்பு வச்சுத் திம்பீகளா?"

இப்போது சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. தடியின் பக்கத்தில் வந்து குனிந்தார். "காளான்னா அதுக்கு ஒரு பேரு இருக்கும்லா? பேரை எளுது. அது மரத்தை என்ன செய்யும்னு எளுது. வரும்போதே இருந்துச்சா, வந்த பெறகு வந்துச்சா, அதையும் எளுது. பொதங்கிளமை மொதலாளி வாராக. நான் அவுகளுக்குச் சொல்லணும்."

அந்த லோடு சித்திரையில் வந்தது. சீவுகிற மிஷின்களில் ஒன்று உடைந்து, அதற்கு வேண்டிய சாமான் வராமல், ஆறு மாதமாகத் தடிகள் அங்கேயே கிடந்தன. காய்ந்துவிடாமல் இருக்க வாரம் இரண்டு தடவை தண்ணீர் தெளித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் நான் அதை யோசிக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது பெயர்.

கல்லூரி நூலகத்தில் பூஞ்சைகளைப் பற்றி ஒரே ஒரு புத்தகம். கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். இங்கிலீஷ். படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. சிவப்பும் பழுப்பும் ஒரே சாம்பலாகப் படுத்திருக்கும். பெயர் கண்டுபிடிக்க அதில் ஒரு வழி இருந்தது. இரண்டிரண்டாகக் கேள்விகள். துளை உண்டா, இல்லையா? உண்டு என்றால் இந்த எண்ணுக்குப் போ. இல்லை என்றால் அந்த எண்ணுக்கு. காம்பு உண்டா, இல்லையா? தெரியாத ஊரில் சந்து சந்தாகத் திரும்புவதுபோல இருந்தது. திங்களும் செவ்வாயும் அந்தச் சந்துகளிலேயே திரிந்தேன். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் தானாகப் புரண்டன. இரண்டு மத்தியானமும் கொஞ்சம் தூங்கிப்போனேன். கனவில் ஒரு சிவப்புக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் தண்ணீருக்குப் பதிலாக வேறொரு கிணறு இருந்தது.

செவ்வாய் சாயங்காலம் கடைசிச் சந்துக்கு வந்தேன். ஒரு பக்கம் எழுதியிருந்தது: இறந்த 'ஹார்ட் வுட்' மரங்களில். மறு பக்கம்: உயிருள்ள மரங்களின் அடிப்பாகத்தில், நடுக்கட்டையான வைரத்தைத் தின்று.

ஹார்ட் என்றால் கடினம். எனக்குத் தெரியும்; நாலாம் பாரத்திலிருந்து தெரியும். இலவு கடின மரமா? கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும் மரம். மெத்து மெத்தென்று இருப்பதால்தான் அதைக் குச்சிக்கே கொண்டு வருகிறார்கள். தீப்பெட்டி ஊர்க்காரனான எனக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டுமா? ஒரு கணம்கூடத் தயங்காமல் மறு பக்கம் திரும்பினேன்.

அங்கேயும் ஒரு காளான் இருந்தது. சிவந்த நிறம், மேலே பளபளப்பு என்று போட்டிருந்தது. எங்கள் காளானில் பளபளப்பு இல்லை. மழையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காளான் உதிர்க்கும் வித்துத்தூள் பழுப்பு என்று இருந்தது. நான் வித்துத்தூளைப் பார்க்கவே இல்லை. என் குறிப்பில் பழுப்பு என்று எழுதிக்கொண்டேன். தவறான தெருவில் திரும்பிய பிறகு, அங்கே இருந்த வீடுகளையெல்லாம் தெரிந்த வீடுகளாக்கிக்கொண்டேன்.

புதன்கிழமை ஆபீஸுக்குக் கொண்டுபோனது முழுத்தாளில் நாலு வரி, என் நல்ல கையெழுத்தில். மேஸ்திரி அதைத் தடி அடுக்கின் முன்னால் நின்று உரக்கப் படித்தார். லத்தீன் பெயரை அவர் தாண்டிவிட்டார். "'இது உயிருள்ள மரத்தில் வளர்ந்து, அதன் நெஞ்சுப் பகுதியை அழுகச் செய்யும்.'" தாளை மடித்தார். "அப்ப வெட்டுறதுக்கு முந்தியே உள்ள அளுகல்தான். மலையிலருந்தே அளுகல் வந்திருக்கு."

"தட்டிப் பாத்து எறக்குனது யாரு?" என்றார் மேஸ்திரி. அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா கோடரியைக் கொண்டுபோய்க் கொட்டகைத் தூணிலிருந்த ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு அது ஆடாமல் நிற்கும்வரை கையை வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபத்தினால் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதற்காக இருக்கலாம்.

முதலாளி வந்து போனார்; மறுநாளிலிருந்து அப்பாவுக்குக் குச்சி காயப்போடும் களத்தில் வேலை. கேட்டில் லாரி வந்தால் மேஸ்திரியே தட்டினார். எதையும் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அப்பா களத்தில் இருந்தார். அந்தக் களத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வெள்ளைக் குச்சிகள் பரப்பிக் கிடக்கும். வெயில் அதில் விழுந்து எழும்பும்போது தரை எது, வானம் எது என்று புரியாது. பெண்கள் பலகைக் கொம்பால் குச்சியைக் கிளறிவிடுவார்கள்; மணல் சரிவதுபோல ஒரு சத்தம் களம் முழுக்க ஓடும். அந்த வெள்ளைக்கு நடுவில் அப்பா கறுப்பாக, சின்னதாக, ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, குச்சியைத் தட்டிக் கேட்டுராதீக. ஒடிஞ்சிரும்!" என்றாள் ஒருத்தி.

"ஒடிஞ்சா என்னத்தா? அளுகல் குச்சின்னு திருப்பி அனுப்பிருவாக!" என்றாள் இன்னொருத்தி.

களமே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை; வேலை நேரத்துச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். நான் தடி அடுக்குக்குப் போய், ஏன் என்று தெரியாமலே, இன்னொரு சிவப்புத் துண்டைப் பிய்த்து ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அன்று அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அந்தத் தடிக சத்தம் நல்ல சத்தம்."

அம்மா சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "படிச்சவன் வேற மாதிரில்ல எளுதியிருக்கான்?" என்றாள். என்னைக் குத்திச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள்.

"அதான்," என்றார் அப்பா.

துண்டு வாடிவிடக் கூடாது என்று, அடுப்படிப் பலகையில் கையில் கிடைத்ததன்மேல் வைத்து, ஒரு சின்னப் பானையால் மூடிவிட்டுப் படுத்தேன். கையில் கிடைத்தது தங்கையின் சிலேட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். தங்கைக்கு அப்போது எட்டு வயது. சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் என் சிலேட்டுல கிறுக்கி வச்சிருக்கு!"

"பலப்பத்தூளைத் துடைக்காம வச்சுட்டு அண்ணனைச் சொல்லுதியா?" என்றாள் அம்மா.

"பலப்பம் தீந்து மூணு நாளாச்சு! வாங்கித் தந்தீகளா? நான் எத வச்சு எளுத?"

சிலேட்டை வாங்கிப் பார்த்தேன். கறுப்பின்மேல் ஓர் அரை வட்டம். மூச்சுப் பட்டால் போய்விடும் போன்ற மெல்லிய வெள்ளைத் தூள். நிலாவை யாரோ அச்சடித்து வைத்ததைப் போல இருந்தது. ஊரடங்கியிருந்த அத்தனை நேரமும், பானைக்கு அடியில், அந்தக் கிணறுகள் ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் தங்கள் வித்தை உதிர்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

வெள்ளை. பழுப்பு இல்லை, வெள்ளை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "என்னய்யா, என்ன?" என்று அம்மா கேட்டாள். "சிலேட்டைத் துடைக்காதீக," என்றேன். தங்கை, "அப்ப எனக்குப் புதுச் சிலேட்டு," என்றாள்.

திங்கட்கிழமை காலை நூலகம் திறக்கும்முன்பே வாசலில் நின்றேன். கடைசிச் சந்துக்கு நேராகப் போனேன். வித்துத்தூள் வெள்ளை என்றால் அந்தப் பக்கம்தான்: இறந்த 'ஹார்ட் வுட்' மரங்களில். ஆனால் இலவு கடினமில்லையே? புத்தகத்தின் பின்பக்கத்தில் சொற்களுக்குப் பொருள் போட்டிருந்ததை அன்றுதான் திறந்தேன். ஹார்ட் வுட்: அகன்ற இலையுள்ள மரங்கள் எல்லாவற்றுக்கும் வழங்கும் பெயர், கட்டை மெத்தென்று இருந்தாலும் சரி. உதாரணத்துக்கு ஒரு மரத்தையும் சொல்லியிருந்தார்கள். இலவு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நூலக உதவியாளர் நிமிர்ந்து பார்த்தார். ஆபீஸ் என்றால் ஆபீஸ் இல்லை, மருந்து என்றால் மருந்து இல்லை என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவன் நான். அடுத்தவன் ஊரிலும் ஒரு சொல் அப்படி இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு சொல்லின் வாசலில் நின்று தட்டிப் பார்க்காமல் திரும்பியிருந்தேன். அதற்காக அப்பா குச்சி கிளறிக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது.

சரியான சந்தின் முடிவில் எங்கள் காளான் எனக்காகக் காத்திருந்தது. பாலிபோரஸ் சாங்குனியஸ். முதல் சொல்லுக்குப் பல துளைகள் உடையது என்று பொருள்; இரண்டாவதற்கு இரத்த நிறம். வெட்டி வெயிலில் கிடக்கும் தடிகளில் வரும்; வெளிப்பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே போகும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டுப் பொட்டாஷ் கரைசலை அதன்மேல் விட்டேன். சிவப்பு இன்னும் சிவந்து, பிறகு சாயங்காலம்போல மெல்லக் கறுத்தது. புத்தகம் சொன்னபடியே.

அன்று சனிக்கிழமை இல்லை. ஆனாலும் பஸ் ஏறி ஆபீஸ் வாசலில் இறங்கினேன். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "என்னலே, இன்னிக்கு?" என்றார். ஆமத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அப்பா, நான் தப்பா எளுதிட்டேன்."

"எத?"

"பேரை."

"பேருதானே?"

"பேரு தப்புன்னா எல்லாம் தப்பு. அது செத்த மரத்துலதான் வரும். வெட்டிப் போட்ட பெறகு. இங்கன வந்து கெடந்த பெறகு."

அப்பா நின்றார். "அப்ப, வரும்போது?"

"நல்லா இருந்துச்சு. நீங்க கேட்டது சரிதான்."

ரோட்டில் யாரும் இல்லை. பருத்திக் காட்டுக்குமேல் நிழல் நீண்டு கிடந்தது. அப்பா சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார், யாருக்கும் இல்லாமல். பிறகு, "இத அங்கன வந்து சொல்லுவியா? எல்லாரும் இருக்கையில?"

"சொல்லுதேன்."

"சிரிப்பாக."

"சிரிக்கட்டும்."

மறுநாள் கல்லூரிக்குப் போகவில்லை. புதுத் தாளை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் பழைய தாளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"போன வாரம் எளுதுனதும் நீதான். இந்த வாரம் எளுதுனதும் நீதான். வார வாரம் என்ன எளுதுவே?"

சொன்னபடியே சிரித்தார்கள். நான், "ஒரு தடியை அறுத்துப் பாருங்க. நடுவுல அளுகியிருந்தா மொத எளுதுனது சரி. வெளிய மட்டுந்தான்னா இது சரி," என்றேன்.

"யாரு அறுக்க?" என்றார் மூத்த வாள்காரர். "காளான்னு சொன்னவரு தம்பி. அப்ப எளுதுனது தப்புன்னு சொல்லுதவரும் தம்பி. அப்ப காளாங்கிறதும் தப்பா இருந்துச்சுன்னா? எனக்கு மூணு பிள்ளைக இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது.

அப்பா குச்சிக் கொம்பைக் கீழே வைத்துவிட்டுக் களத்திலிருந்து நடந்து வந்தார். அடுக்கிலிருந்து ஒரு தடியை உருட்டினார்; சிவப்பு அதிகம் இருந்த தடி. வாளின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு பிடியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இளுக்க மட்டும் செய். தள்ளாத. நான் இளுக்கையில விட்டுக் குடு."

எல்லோரும் தள்ளிப் போனார்கள். ஒருவன் மணல் வாளியைக் கொண்டுவந்து, அதைக் கீழே வைக்காமலே நின்றான். மேஸ்திரி வேப்ப மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். தலை மட்டும் தெரிந்தது. களத்தில் பெண்கள் கொம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். குச்சி சரியும் சத்தம் நின்றுபோய், அந்த இடத்தில் அவ்வளவு அமைதி இருக்கக்கூடும் என்றே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாள் சிவப்பைத் தொட்டது. இழுத்தேன். விட்டுக் கொடுத்தேன். இழுத்தேன். செம்மஞ்சள் தூள் பறந்து அப்பாவின் முழங்கை மயிரில் படிந்தது. காளானும் ஈர மரமும் கலந்த, புதுமழை போன்ற ஒரு வாசனை. பிறகு தூளின் நிறம் வெளுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பாவின் முகம் அருகில் வந்தது, விலகிப் போனது, அருகில் வந்தது. அத்தனை நாளும் என்னைப் பார்க்காத கண் இப்போது வேறு எதையும் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே மூச்சில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அது முடியக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

தடி இரண்டாக விழுந்தது.

வெளிப்புறம் இரண்டு விரல் கனத்துக்கு நிறம் மாறி, பஞ்சுபோல இருந்தது. அதற்கு உள்ளே வெள்ளை. நடுவரைக்கும் வெள்ளை. தேங்காயை உடைத்ததைப் போன்ற வெள்ளை.

மேஸ்திரி மரத்தின் பின்னாலிருந்து வந்து நகத்தால் அழுத்திப் பார்த்தார். அப்பா கொட்டகைக்குப் போனார், கோடரியை ஆணியிலிருந்து எடுத்தார், திருப்பிப் பிடித்து அரைத்தடியைத் தட்டினார். எல்லோரும் கேட்டோம். எனக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"மேல செதுக்கி எறிஞ்சுட்டுச் சீவிக்கலாம்," என்றார் வாள்காரர்களிடம். அப்புறம், பொதுவாக, "சனிக்கிளமை லோடு வருது அண்ணாச்சி. கேட்டுக்குப் போயிருங்க," என்றார். பழைய தாளைக் கிழித்துப் போட்டார். புதியதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூத்த வாள்காரர் என் பக்கத்தில் வந்து, "இப்பமும் கேக்கேன் தம்பி, கொளம்பு வச்சுத் திங்கலாமா?" என்றார்.

"முடியாதுண்ணே. தோல் மாதிரி இருக்கும்."

"அப்ப என்னத்துக்குப்பா அதுக்கு இம்புட்டு அளகு?"

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்; அந்தக் கேள்வியை இன்னும் வைத்திருக்கிறேன். அந்தத் துண்டு என் பெட்டியில் இருக்கிறது. காய்ந்து சுருங்கிவிட்டது, நிறம் மட்டும் போகவில்லை. தங்கைக்குப் புதுச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நான் போனபோது லாரி கேட்டில் நின்றிருந்தது. டிரைவர் இஞ்சினை அணைத்தான். மேஸ்திரியின் பீடி விரலிடுக்கில் நின்றது. அப்பா கோடரியைத் திருப்பிப் பிடித்து முதல் தடியைத் தட்டினார். தலையை இடது பக்கம் சாய்த்துக் கேட்டார். இறக்கச் சொல்லிக் கை பாதி எழும்பியது. அங்கேயே நின்றது. பிறகு அவர் குனிந்து, தடியின் வெட்டுவாயை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

அதற்கு முன்னால் அவர் பார்த்ததில்லை. கேட்டால் போதும் அவருக்கு.

பிறகு கையை ஆட்டினார். தடி இறங்கியது. அடுத்ததைத் தட்டினார், கேட்டார், குனிந்து பார்த்தார். அந்த லோடு முழுவதும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்த லோடுகளிலும்.